கடைக்காரர் சொன்ன ஸ்கிரிப்டை ஓட்டலாமா?

கீற்றோலை: மகளின் கல்லூரிப் படிப்புக்காக விண்டோஸ் 11 ஹோம் உள்ள லேப்டாப் வாங்கினேன். முதன்முதலில் திறந்ததும் இருப்பிடம், விளம்பர அடையாள எண், தட்டச்சு விவரம் என்று பக்கம் பக்கமாக அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' கொடுத்தேன். கடைக்காரரோ அது போதாது, தாம் தரும் ஸ்கிரிப்டை (கட்டளைகள் அடங்கிய சிறு நிரலை) ஓட்டினால் உளவு முழுவதும் நின்றுவிடும் என்கிறார். ஓட்டலாமா?

நிழல்மரம்: தாராளமாக ஓட்டுங்கள். நீங்கள் 'வேண்டாம்' என்றாலும் 'கட்டாயத் தகவல்' என்று ஒரு பகுதி போய்க்கொண்டேதான் இருக்கும். நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் அதையும் நிறுத்த வழி உண்டு. ஹோம் வாங்கியவருக்கு இல்லை. சொந்தக் காசில் வாங்கிய கணினியில் நமக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை? விண்டோஸ் 10 அளவுக்கு மீறித் தகவல் திரட்டுகிறது என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது மறந்துவிட்டதா?

ஆணிவேர்: கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அடிப்படை நிலையில் திரட்டும் தகவலை ஏறக்குறைய பாதியாகக் குறைத்த பிறகு, 2017 ஜூனில் அதே ஆணையம் அந்த நோட்டீஸை முடித்துவைத்தது.

ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். இவற்றில் பல, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், தகவல் அனுப்பும் அளவைக் குறிக்கும் டெலிமெட்ரி மதிப்பை 0 (எதுவும் அனுப்பாதே) என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்கின்றன. ஹோம், புரோ பதிப்புகள் அந்த 0-வை 1 (கட்டாயத் தகவலை மட்டும் அனுப்பு) என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒழிக்க நினைத்தது ஒழியாது. ஆனால் போகிற போக்கில் அப்டேட் சேவையையும் முடக்கிவைக்கும் ஸ்கிரிப்டுகள் உண்டு. என் உறவினர் வீட்டுக் கணினி அப்படித்தான் எட்டு மாதம் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் கிடந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. என்ன போகிறது என்று பார்க்க வேண்டுமானால் 2018 முதல் டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர் இருக்கிறது. ஒரு நாள் திறந்து பாருங்களேன்.

நிழல்மரம்: பார்க்கத்தான் முடியும், தடுக்க முடியாது! எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாஃப்டின் தகவல் திரட்டும் முகவரிகளை அடைத்தால், 2020 முதல் விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டர் அதையே அபாயம் என்று காட்டுகிறது. வீட்டுக்காரன் தன் கதவைத் தானே பூட்டினால் 'திருடன்' என்று கூவுகிற காவல்காரன்! ரீகால் விவகாரத்தையும் சொல்லுங்கள். திரையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுத்து வைக்கும் வசதியை 2024 மே மாதம் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், கேட்டவருக்கு மட்டும் என்று ஜூனில் மாற்றினார்கள். நாம் சத்தம் போடாமல் இருந்திருந்தால்?

ஆணிவேர்: ரீகாலில் உங்கள் பக்கம்தான் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஏஐ வேலைகளுக்கென்று தனிச் சில்லு கொண்ட கோபைலட் பிளஸ் வகைக் கணினிகளுக்கு மட்டும் உரியது. அந்த அம்மா கேட்டது ஸ்கிரிப்டைப் பற்றி. யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றுக்கு, கணினியில் எதையும் மாற்றக்கூடிய நிர்வாகி அனுமதி கொடுப்பதற்குப் பெயர் அந்தரங்கப் பாதுகாப்பா?

திருப்புளி: பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். நீங்கள் இருவரும் சண்டை போடுகிற இடத்தில் பொருள் இல்லை. அக்கா, மகள் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறாள் என்று முதலில் பாருங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பெரும்பாலும் கோப்புகள் இருக்கும் வட்டு தானாகவே மறையாக்கம் செய்து பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. ஒருவர் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு வந்தார்; திரை சாவி கேட்டது. எப்போதோ தொடங்கிய மின்னஞ்சல், கடவுச்சொல்லும் நினைவில்லை, அந்தத் தொலைபேசி எண்ணும் இப்போது இல்லை. நான்கு ஆண்டுப் படங்கள் வட்டுக்குள்ளேயே இருந்தன, எடுக்க வழியில்லை.

சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் பேக்கப்பையும் பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டும் அங்கே போய்க்கொண்டிருக்கலாம். நிறுத்தினால் டெஸ்க்டாப் காலியாகத் தெரியும், பதற வேண்டாம். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கும். அங்கிருந்து நகர்த்துங்கள்.

நிழல்மரம்: சாவி அந்த நிறுவனத்திடம் இருந்தால், சட்டப்படி உத்தரவு வரும்போது எடுத்துக் கொடுப்பார்கள். எழுதிய கையோடு கணக்கிலிருந்து அழித்துவிடுங்கள்.

ஆணிவேர்: கல்லூரிப் பெண்ணின் லேப்டாப்புக்கு எந்த நீதிமன்றம் ஐயா உத்தரவு போடப்போகிறது? காகிதம் தொலைந்தால் எல்லாம் போயிற்று. இரண்டு இடத்திலும் இருக்கட்டும்.

கீற்றோலை: ஸ்கிரிப்டை ஓட்டவில்லை. திருப்புளி தம்பி சொன்னதுபோல் ஒன்டிரைவைத் திறந்தேன். மகளின் ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் இரண்டும் அங்கே இருந்தன. அவளுக்கே தெரியவில்லை. பேக்கப்பை நிறுத்திக் கோப்புகளை நகர்த்திவிட்டோம். சாவியை எழுதி நகைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கணக்கிலிருந்து அழிப்பதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தால் சொல்லுங்கள்.

நிழல்மரம்: அழியுங்கள்.

ஆணிவேர்: வேண்டாம்.