ஓவனில் வைத்த கரட் ஏன் அவிந்து போகிறது?

வெள்ளவத்தைவாசி:
எங்கள் வீட்டில் கரட் என்றால் தேங்காய்ப்பூ போட்ட வறை, தேசிக்காய் பிழிந்த சம்பல், பால்கறி, அவ்வளவுதான். அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்தபிறகு சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டச் சொல்லிவிட்டார்கள். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்ததில் இப்போது கோப்பையைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்புகிறார்.

சரி, சுட்டுப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். வெள்ளவத்தை மார்க்கெட்டில் வாங்கிய நுவரெலியா கரட் ஒரு கிலோ. தோல் சீவி, வட்டமாக வெட்டி, கழுவி, உப்பு, மிளகுதூள், எண்ணெய் எல்லாம் பிரட்டி, மேசை ஓவனில் இருக்கிற ஒரே தட்டில் குவித்து 160 பாகையில் 40 நிமிடம் வைத்தேன். வந்தது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. தட்டின் அடியில் தண்ணீர் வேறு. கரண்ட் பில்லை நினைத்தால் இன்னொரு முறை வைக்கக் கை வரவில்லை. எங்கே பிழை விட்டேன்?

அரைக்கரண்டி:
நீங்கள் கரட் சுடவில்லை, புட்டு அவித்திருக்கிறீர்கள். கரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். ஒரு கிலோவைக் குவித்தால் ஆவி போக வழியில்லை, தன் தண்ணீரிலேயே வேகும். ஈரம் இருக்கும்வரை மேற்பக்கம் 100 பாகையைத் தாண்டாது, தாண்டாமல் சிவக்கவும் செய்யாது.

மேசை ஓவனுக்கு 400 கிராம் காணும். ஒன்றையொன்று முட்டாமல் பரப்புங்கள். கழுவினால் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். வட்டம் வேண்டாம்: நுனித்துண்டு கருகும்போது அடித்துண்டு வெந்திருக்காது. விரல் தடிப்பில் நீட்டாக வெட்டுங்கள். நான் ஹோட்டல் அடுக்களையில் நின்ற காலத்தில் வெறும் தட்டையும் உள்ளே வைத்தே சூடாக்குவோம். 220 பாகை, பதினைந்து நிமிடம். கரட் விழும்போது 'சீ' என்று சத்தம் வரவேண்டும், வராவிட்டால் பெரியவர் திட்டுவார். பிறகு 25 நிமிடம், இடையில் ஒருக்கால் பிரட்டினால் போதும்.

கொட்டாஞ்சேனை அன்ரி:
பிள்ளை, கரண்ட் பில்லுக்குப் பயமென்றால் இரும்புத் தாச்சி இருக்கிறதே. மூடி போடாதே. நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி விட்டு, கரட்டைப் பரப்பி, கிண்டிக்கொண்டே நிற்காமல் ஒரு பக்கம் சிவக்க விடு. நற்சீரகமும் தட்டிய உள்ளியும் இறக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான். முதலே போட்டால் உள்ளி கருகிக் கசக்கும். தேசிக்காய் இறக்கியபின். அப்பாவுக்கென்று எண்ணெயை முற்றாக நிறுத்திவிடாதே, கரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் கொஞ்சம் எண்ணெயோடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

மழைக்கோப்பி:
சீனி வருத்தக்காரருக்குக் கரட் கூடாது என்றல்லவா சொல்வார்கள்? இனிப்பாச்சே.

அரைக்கரண்டி:
பச்சைக் கரட் 100 கிராமில் சீனி ஏறக்குறைய 5 கிராம்தான். சுட்டபின் இனிப்புக் கூடினது போலத் தெரிவது தண்ணீர் வற்றுவதால். இணையத்தில் எல்லாரும் மேலே தேன் ஊற்றுகிறார்களே, அதை மட்டும் அப்பாவின் தட்டில் செய்யாதீர்கள்.

வெள்ளவத்தைவாசி:
இன்று மத்தியானம் வைத்தேன். 400 கிராம், சூடான தட்டு. சத்தம் வந்தது! ஓவனின் பின்பக்கம் சூடு கூடப்போல, அந்த மூலையில் இருந்தவை கருகிவிட்டன. நற்சீரகமும் உள்ளியும் அன்ரி சொன்ன மாதிரிக் கடைசியில் போட்டேன். அப்பா பருப்போடு ஒரு துண்டு எடுத்துக் கடித்துவிட்டு, "இது என்ன, வத்தாளைக் கிழங்கா?" என்றார். பிறகு கருகியதையெல்லாம் தேடிப் பொறுக்கி எடுத்தார். மூன்று பேருக்கு 400 கிராம் காணவில்லை. சுருங்கி ஒரு பிடிதான் வருகிறது, நாளைக்கு இரண்டு தரமாக வைக்கவேண்டும்.