பிரிட்டனில் இருந்தவர் ரத்தம்: அன்று ஆகாது, இன்று மட்டும் ஆகுமா?

நாடோடி:
1990இலிருந்து இரண்டு வருடம் பிரிட்டனில் படித்தேன். பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறினேன். 2004இல் ரத்தம் கொடுக்கப் போனபோது, படிவத்தைப் பார்த்துக்கொண்டே வந்த நர்ஸ் ஒரு கட்டத்தின் மேல் பேனாவை வைத்து நிறுத்தினார். “1980க்கும் 1996க்கும் இடையில் மொத்தம் ஆறு மாதமாவது பிரிட்டனில் இருந்தீர்களா?” ஆமாம் என்றேன். அவ்வளவுதான். ஒரு சொட்டும் எடுக்காமல் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பைத்திய மாட்டு நோயைக் காரணம் காட்டிப் போட்ட அந்தத் தடையை 2022 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் நீக்கினார்கள். என் உடம்பில் ஓடுவது அதே ரத்தம்தானே? 2004இல் ஆகாதது இப்போது எப்படி ஆகிறது? அன்று சொன்னது வெறும் பயமுறுத்தல் என்றே நினைக்கிறேன்.

பச்சைமிளகாய்:
சரியாகக் கேட்டீர்கள். என் அப்பாவுக்கும் இதே கதைதான். மாட்டுக்கறியால் வரும் நோய் என்கிறார்கள், அவரோ பிறவி சைவம். சொல்லிப் பார்த்தார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரிட்டன்காரர்கள் அவர்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டுதானே இருந்தார்கள்? அங்கே எல்லாரும் செத்தா போனார்கள்?

ரத்தவங்கி லேப்:
20 வருடமாக இதே வேலையில் இருப்பவள், பதில் கொஞ்சம் நீளும்.

பைத்திய மாட்டு நோய் மனிதனுக்கும் தொற்றியிருக்கிறது என்று 1996இல்தான் தெரியவந்தது. காரணம் வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. மடிப்பு பிசகிய ஒரு புரதம், பிரையான். மூளையைத் தின்றுவிடும், மருந்து கிடையாது. ரத்தப் பைகளை இதற்காக வரிசையாகச் சோதிக்க எங்களிடம் ஒரு டெஸ்ட்டும் இல்லை. எச்ஐவிக்கு இருக்கிறது, மஞ்சள்காமாலைக்கு இருக்கிறது, இதற்கு இல்லை. அப்புறம் அந்தப் படிவத்தைத் தவிர வேறு எதை வைத்து வடிகட்டுவது?

பிரிட்டனில் ரத்தம் ஏற்றிக்கொண்ட மூன்று பேருக்கு அதன் வழியாகவே இந்த நோய் வந்தது. கொடுத்தவர்கள் கொடுத்த அன்று திடகாத்திரமாக இருந்தவர்கள். நோய் வெளியே தெரியப் பல வருடம் ஆகும், வம்பே அதில்தான். 2004இல் உங்களைத் திருப்பி அனுப்பிய நர்ஸுக்கு, இன்னும் எத்தனை பேருக்குள் அது பதுங்கியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சைவம் விஷயம்: மாட்டு எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் கலந்த மாத்திரையை அப்பா விழுங்கவே இல்லை என்று அவரால் சொல்ல முடியுமா? ஒவ்வொருவர் சாப்பாட்டையும் விசாரிக்க முடியாது, இருந்த காலத்தைத்தான் கேட்க முடியும்.

பச்சைமிளகாய்:
பிரிட்டன் கேள்வியை நைசாகத் தாண்டிவிட்டீர்கள் மேடம்.

ரத்தவங்கி லேப்:
தாண்டவில்லை, டீ குடிக்கப் போனேன். நாடு முழுவதையும் தடை செய்தால் ஆபரேஷனுக்கு ரத்தம் ஏது? அதனால் வேறு வழி பார்த்தார்கள். 1999இலிருந்து எல்லா ரத்தத்திலும் வெள்ளையணுக்களை வடிகட்டி எடுத்தார்கள். மருந்து தயாரிக்கப் பயன்படும் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை, வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். 1980க்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கொடுக்கக் கூடாது என்றார்கள். நான் சொன்ன மூன்று பேருக்கும் ஏற்றியது வடிகட்டலுக்கு முந்தைய ரத்தம். பிரிட்டனில் மொத்தம் 178 பேரோடு அந்த நோய் அடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் போகும் என்று பயந்த காலம் உண்டு.

நாடோடி:
சரி, தடை போட்டதை ஏற்றுக்கொள்கிறேன். எடுத்ததில் ஏன் இத்தனை தாமதம்? பக்கத்திலேயே இருக்கும் அயர்லாந்து 2019இலேயே எடுத்துவிட்டது. அமெரிக்கா 2022 மே. போடும்போது இருந்த வேகம் எடுக்கும்போது இல்லை.

ரத்தவங்கி லேப்:
இதில் உங்கள் பக்கம்தான் நான். தடையைத் தொடர்ந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், எடுத்து ஏதாவது ஆகிவிட்டால் கையெழுத்து போட்டவர் தலை உருளும். நடுவில் எத்தனையோ நல்ல கொடையாளர்களை இழந்தோம்.

ஊர்சுற்றி:
இதற்குத்தான் நான் எதையும் எழுதுவதே இல்லை. போன மாதம்தான் ஆப்பிரிக்கா போய் வந்தேன். காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. பயணம் இல்லை என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல காரியம்தானே?

ரத்தவங்கி லேப்:
இல்லை. முதலில் ரத்தம் எடுத்த இடத்துக்கு போன் செய்து சொல்லுங்கள், அந்தப் பையை ஒதுக்கி வைப்பார்கள். வாதத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஆப்பிரிக்கா என்றால் எங்களுக்கு மலேரியா பயம். அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கல் வைத்த குட்டி மோதிரம் மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த பையிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்பது ஒரு சாட்சியே இல்லை. அந்த ரத்தம் பிரசவத்தில் ரத்தம் இழந்த பெண்ணுக்கோ கீமோவில் இருக்கும் குழந்தைக்கோ போகும். படிவத்தில் நீங்கள் மறைத்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பச்சைமிளகாய்:
நான் விதியைத் திட்டினேன், பொய் சொல்லச் சொல்லவில்லை. ஊர்சுற்றி, போனை எடுங்கள்.

ஊர்சுற்றி:
செய்துவிட்டேன். திட்டவில்லை, பை நம்பரைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

நாடோடி:
நானும் இன்று போன் செய்தேன். பிரிட்டன் பிரச்சினை இல்லை என்றார்கள். “சமீபத்தில் வேறு எங்காவது போனீர்களா?” என்றார்கள். இரண்டு மாதம் முன்பு மலேரியா இருக்கும் பகுதிக்குப் போயிருந்தேன். நான்கு மாதம் ஆகும்வரை பிளாஸ்மா மட்டும் கொடுக்கலாமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ரத்தவங்கி லேப்:
காலையில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இந்த முறை பிஸ்கட்டைச் சம்பாதித்துச் சாப்பிடலாம்.