செங்குத்தான ஏற்றம் பிடிக்கும், கத்திமுனை முகடு வேண்டாம்: இது சரியான வழியா?

குன்றேறி:
ஏற்றம் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். மூச்சு வாங்குவதும் தொடை எரிவதும் பிடித்துத்தான் மலைக்கே போகிறேன். ஆனால் ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ தரை சட்டென்று இல்லாமல் போகிற இடம் வந்தால் முழங்கால் பூட்டிக்கொள்கிறது, அடுத்த அடி எடுக்க முடிவதில்லை. கூட வருகிறவர்கள் "முகட்டில் நடக்காதவன் மலை ஏறினேன் என்று சொல்லக் கூடாது" என்கிறார்கள். இந்த மாதிரி இடங்களை ஒதுக்கிவிட்டுப் பெரிய மலைகளை ஏற முடியுமா? இல்லை, பயத்தை முதலில் போக்கிக்கொள்ள வேண்டுமா?

பாறைமுனை:
போக்கிக்கொள்ளத்தான் வேண்டும். உயரப் பயம் ஒதுங்க ஒதுங்க வளரும். இன்று கத்திமுனை முகடு வேண்டாம் என்பீர்கள், அடுத்த வருடம் மலைச்சரிவில் போகிற சாதாரண ஒற்றையடிப் பாதையே பயமாக இருக்கும். சிறிது சிறிதாகப் பழகினால் இந்தப் பயம் குறையும் என்பது மனநல மருத்துவத்தில் நிலைபெற்ற விஷயம். முதலில் அகலமான முகடு, அப்புறம் கொஞ்சம் குறுகலானது, அப்புறம் கயிறு கட்டி ஒரு வழிகாட்டியோடு.

இன்னொன்று, முகடு என்பது வெறும் சாகசம் இல்லை. மேலிருந்து கல் உருண்டு வராது, பனிச்சரிவு பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது, வழி தவறுவதும் குறைவு. மலையேறிகள் முகட்டைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது.

நிதானநடை:
பாறைமுனை, இரண்டு தனித்தனி விஷயங்களைச் சேர்த்துப் பேசுகிறீர்கள். சரிவு என்பது காலுக்கும் நுரையீரலுக்கும் வேலை. பாதாளம் என்பது, கால் தவறினால் எங்கே போய் நிற்போம் என்ற கேள்வி. ஒன்று இருக்கிற இடத்தில் மற்றது இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் மேனிடூ இன்க்லைன் என்று ஒரு படிப்பாதை உண்டு. பழைய ரயில் தடத்தின் மேல் அமைந்தது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 600 மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. ஏறுகிறவரின் மூச்சை நிறுத்திவிடும், ஆனால் கால் வழுக்கினால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். அதே மாநிலத்தில் மவுண்ட் எல்பர்ட் 4401 மீட்டர், ராக்கி மலைத்தொடரிலேயே உயரமான சிகரம். வழக்கமான பாதையில் நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். லாங்ஸ் பீக் அதைவிடக் குள்ளம், 4346 மீட்டர்தான். அதன் பிரபலமான கீஹோல் வழியில் ‘நேரோஸ்’ என்ற பகுதியில் பாறைச் சுவரை ஒட்டிய குறுகலான விளிம்பில், பக்கத்தில் பள்ளத்தை வைத்துக்கொண்டு நகர வேண்டும். உயரமான மலை என்றாலே பயங்கரமான மலை என்று யார் சொன்னது?

வேல்ஸில் ஸ்னோடன் (1085 மீட்டர்) இன்னும் தெளிவான உதாரணம். பென்-இ-பாஸ் என்ற ஒரே இடத்தில் கிளம்புகிறீர்கள். பிக் (Pyg) என்ற பாதையில் ஏறும்போது ஒரு கணவாயில் வழி பிரிகிறது. வலப்பக்கம் திரும்பினால் க்ரிப் கோஹ், உலகம் அறிந்த கத்திமுனை முகடு. நேரே போனால் அதன் அடிவாரத்தை ஒட்டிய கரடுமுரடான பாதை. இரண்டும் போய்ச் சேர்வது ஒரே உச்சி.

குன்றேறி, முழங்கால் பூட்டிக்கொள்வதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். நாம் நிற்கும்போது உடல் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் உள்ள பொருள்கள் கண்ணில் இடம் மாறுவதை வைத்து மூளை அந்த ஆட்டத்தைத் திருத்துகிறது. முகட்டின் விளிம்பில் கண்ணுக்கு எதிரே இருப்பதெல்லாம் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி. ஆட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் அது கூடிவிடுகிறது. கால் சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாதபோது கிறுகிறுக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் தூரத்தைப் பார்க்காமல் அருகிலுள்ள பாறையைப் பாருங்கள், ஒரு கையால் அதைத் தொடுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள். மூன்றுமே உடனே பலன் தரும்.

பாறைமுனை:
உடலியல் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன உதாரணங்கள் எல்லாம் பாதை போட்ட மலைகள். பாதை இல்லாத மலையில் முகட்டை ஒதுக்கினால் மிச்சம் என்ன? முகத்துச் சரிவு, அதாவது முகடுகளுக்கு நடுவிலுள்ள மலையின் அகன்ற பக்கம், இல்லாவிட்டால் ஓடைப் பள்ளம். இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் பள்ளத்துக்குள் பயம் தெரியாது. அதுதான் ஆபத்து. உச்சியில் பெயர்கிற ஒவ்வொரு கல்லும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்கும். முன்னால் போகிறவர் காலில் தட்டிய கல்லே போதும். பனிக்காலத்தில் 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவுகளில்தான் பனிப்பலகை, அதாவது இறுகிய பனி அடுக்கு, உடைந்து வருவது அதிகம், பள்ளங்கள் பெரும்பாலும் அந்தக் கோணத்தில்தான் இருக்கின்றன. கண்ணுக்குப் பயமில்லாத இடத்தைத் தேடி உயிருக்குப் பயமான இடத்துக்குள் ஆட்களை அனுப்பாதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நிதானநடை:
பள்ளத்துக்குள் போகச் சொல்லவில்லை. முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிறைய மலை இருக்கிறது. 1924-இல் எவரெஸ்ட்டின் வடபுறத்தில் பிரிட்டிஷ் மலையேறி எட்வர்ட் நார்ட்டன் முகட்டின் மேலேயே போகாமல், அதற்குக் கீழே முகத்தின் குறுக்காக நடந்து, இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் பெரும் பள்ளத்தை எட்டினார். துணை ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8570 மீட்டர். 1980-இல் இத்தாலிய மலையேறி ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் தனியாக உச்சியைத் தொட்டதும் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். முகட்டை விட்டு விலகுவது மலையேற்றத்துக்குப் புதிதில்லை.

பாறைமுனை:
நார்ட்டனை நீங்கள் இழுத்தது எனக்குத்தான் வசதி. அவர் நடந்தது ஓடு வேய்ந்த கூரை மாதிரி கீழ்நோக்கிச் சாய்ந்த பலகைப் பாறைகள் மேல். வழுக்கினால் பிடிமானமே இல்லை. முகட்டை விட்டு விலகினார், ஆனால் பக்கத்துப் பாதாளம் விலகவில்லை. குன்றேறி கேட்பது இது இல்லையே?

வரைபடக்காரன்:
நார்ட்டனை விடுங்கள், கேள்வி கேட்டவர் எவரெஸ்ட்டுக்குப் போகவில்லை. கிளம்புவதற்கு முன்பே இதில் பெரும்பகுதியை வரைபடத்தில் பார்த்துவிடலாம்.

1:25,000 வரைபடத்தில் உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) 10 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கோடுகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் சரிவு 22 டிகிரி அளவு. நல்ல ஏற்றம், நடக்கலாம். அரை மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 39 டிகிரி. பல இடங்களில் கையையும் ஊன்ற வேண்டிவரும், விழுந்தால் உருளும் தூரமும் கூடும். உங்கள் எல்லையை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள்.

அப்புறம் கோடுகளின் அடர்த்தி எங்கே மாறுகிறது என்று பாருங்கள். மேலே நெருக்கம், கீழே இடைவெளி என்றால் சரிவு உள்வாங்கியிருக்கிறது, அடிவரை கண்ணுக்குத் தெரியும். மேலே இடைவெளி, கீழே நெருக்கம் என்றால் சரிவு புடைத்திருக்கிறது. இறங்கும்போது கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். உங்களைப் போன்றவர்கள் ஒதுக்க வேண்டியது முக்கியமாக இதைத்தான். முகடு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், இது தெரியாது.

ஒரு எச்சரிக்கை: 8 மீட்டர் பாறைச் செங்குத்து 10 மீட்டர் கோடுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். அதனால் வரைபடத்தோடு அந்த வழியின் புகைப்படங்களையும் பாருங்கள்.

வழி எவ்வளவு கடினம் என்று சொல்லும் தர எண்களையும் கவனித்துப் படியுங்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி வகைப்பாடு கையை எவ்வளவு பயன்படுத்த வேண்டும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது, பக்கத்தில் பள்ளம் இருக்கிறதா என்பதை அல்ல. சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் டி1 முதல் டி6 வரையிலான அளவு விழும் அபாயத்தையும் சேர்த்துச் சொல்கிறது. டி2-விலேயே செங்குத்தான பகுதிகள் வரலாம். டி4 என்றால் பள்ளம் பார்த்த நிலம்தான். உங்களுக்கு டி2, கொஞ்சம் விசாரித்து டி3.

குன்றேறி:
புடைத்த சரிவு பற்றிச் சொன்னது எனக்கு மிகவும் பயன்படும், அந்தக் கண்ணோட்டத்தில் வரைபடத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் குழுவை என்ன செய்வது? பாதி வழியில் "இதோ முடிந்துவிட்டது, இன்னும் பத்து அடி" என்று தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பாறைமுனை:
அது தவறு. பழக்குவது என்றால் அவர் சம்மதத்தோடு, திரும்பி வர வழி இருக்கிற இடத்தில். கத்திமுனையின் நடுவில் உறைந்து நிற்கிற ஒருவரால் அவருக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. இதில் நிதானநடைக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் முகட்டையே வாழ்நாள் முழுக்க விட்டுவிட வேண்டும் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன்.

நிதானநடை:
குன்றேறி, கிளம்புகிற அன்று சொல்லாதீர்கள், திட்டம் போடும்போதே சொல்லுங்கள். எந்த இடத்தில் பிரிவது, எத்தனை மணிக்கு உச்சியில் சந்திப்பது, உங்களோடு யார் வருவது, மூன்றும் முன்பே முடிவாக வேண்டும். தனியாகப் பிரியாதீர்கள். இறங்கும் வழியையும் அப்போதே கேட்டு வையுங்கள். ஏறியது ஒரு பக்கம், இறங்குவது முகட்டின் வழியாக என்று வைத்திருப்பார்கள், உச்சியில் போய்த்தான் உங்களுக்குத் தெரியும். களைத்த காலோடு, கீழே பார்த்தபடி அதில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம்.

குன்றேறி:
அடுத்த மலைக்குப் பிரிகிற இடத்தையும் இறங்கும் வழியையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஒருவர் என்னோடு சரிவுப் பாதையில் வரச் சம்மதித்துவிட்டார். பாறைமுனை சொன்ன அகலமான முகட்டை, காற்று இல்லாத ஒரு நாளில், இரண்டு பக்கமும் புல்சரிவு இருக்கிற இடமாகப் பார்த்து, தனியாக ஒரு பயணமாகவே வைத்துக்கொள்கிறேன். கத்திமுனைக்கு இப்போதைக்கு என்னை யாரும் கூப்பிட வேண்டாம்.