249 கிராம் டிரோனுக்கு கிரிமினல் வழக்கா?

பொன்னிக்கரை:
எங்கள் ஊரில் போன மாதம் கும்பாபிஷேகம். அக்கா மகன், பொறியியல் மூன்றாம் ஆண்டு, ஆசைப்பட்டு வாங்கிய டிரோனைப் பறக்கவிட்டான். எடை 249 கிராம்தான். கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்து, அது தானாகவே கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது. சீரியல் பல்பு வயரில் இறக்கை மாட்டி, கூட்டத்துக்குள் விழுந்தது. ஒரு அம்மாவுக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்து மூன்று தையல். ஆஸ்பத்திரிச் செலவை நாங்களே கட்டினோம். அந்த அம்மாவும் "சின்னப் பையன், விடுங்க" என்றுதான் சொல்கிறார். ஆனால் போலீஸ் டிரோனை எடுத்துக்கொண்டு, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 125-ல் வழக்குப் போட்டுவிட்டது. அதே கோபுரத்துக்கு மேலே பத்து லிட்டர் டேங்க் வைத்த டிரோன் பறந்து தீர்த்தம் தெளித்தது. அதை ஓட்டியவருக்கு மாலை, பரிவட்டம்! இது என்ன நியாயம்?

மேலவீதி:
மூன்று தையலோடு போனது, அந்த அம்மா செய்த புண்ணியம். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். வழக்குப் போட்டது சரிதான்.

ரோட்டர் ராஜா:
மேலவீதி சார், கொஞ்சம் பொறுங்கள். 2021 டிரோன் விதிகளை யாராவது படித்தீர்களா? 250 கிராம் வரை நானோ. அதற்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். இரண்டு கிலோ வரையிலான மைக்ரோவுக்கும், காசு வாங்காமல் பறக்கவிட்டால், பைலட் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில், அதாவது டிரோனுக்குத் தடையில்லாத பகுதியில், 400 அடி வரை அனுமதி கேட்கவே வேண்டாம். அரசாங்கமே "பறக்கவிடு" என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. டிரோனைக் கண்டாலே தீவிரவாதி ரேஞ்சுக்குப் பார்க்கிறார்கள்.

கருப்புக் கோட்டு:
வக்கீலாகச் சொல்கிறேன், இங்கே இரண்டு சட்டம் குழம்பிக் கிடக்கிறது. டிரோன் விதிகளை மீறினால் அபராதம், அதிகபட்சம் ஒரு லட்சம். அது விமானப் போக்குவரத்துத் துறை சமாச்சாரம். பையன் மேல் போட்டிருப்பது அது இல்லை. பி.என்.எஸ். 125 என்பது அஜாக்கிரதையாக நடந்து அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து உண்டாக்குவது. பைக்கோ, கிரேனோ, டிரோனோ, எதை வைத்துச் செய்தாலும் ஒன்றுதான். காயம் ஏற்பட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரை போகும். எடை 249 கிராம் என்று எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பிரிவில் எடைக்கு இடமே இல்லை.

அப்புறம், ராஜா சார் சொன்ன இன்ஷூரன்ஸ் விலக்கு. பாலிசி எடுக்க வேண்டாம் என்றால், விழுந்து ஏதாவது ஆனால் மொத்தமும் உங்கள் கையிலிருந்துதான் போகும் என்று அர்த்தம். அதைச் சலுகை என்று நினைத்துக்கொண்டு பலர் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

பொன்னிக்கரை:
வக்கீல் சார், அந்த அம்மா புகாரே கொடுக்கவில்லையே?

கருப்புக் கோட்டு:
தேவையில்லை ஐயா. போலீஸ் தானாக எடுக்கக்கூடிய குற்றம் இது. ஜாமீனில் விடக்கூடியதும்கூட, அதனால் உள்ளே போவானோ என்று பயப்பட வேண்டாம். காயம்பட்டவர் ஒத்துக்கொண்டால் கோர்ட்டில் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. உங்களுக்கு ஆறு மாதமா ஐயாயிரமா என்பது பிரச்சினையே இல்லை. பையன் மூன்றாம் ஆண்டு என்கிறீர்கள். நாளைக்கு பாஸ்போர்ட் போலீஸ் விசாரணை, வேலையில் சேரும்போது பின்னணிச் சோதனை என்று வரும்போது வழக்கு நிலுவையில் நிற்கக் கூடாது. சமரசத்தை இழுத்தடிக்காதீர்கள்.

ரோட்டர் ராஜா:
சரி, அந்தப் பத்து லிட்டர் டேங்க்? அது இருபது கிலோவுக்கு மேலே வரும். அது விழுந்தால் தையல் போட ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

கருப்புக் கோட்டு:
அது 'ஸ்மால்' வகை. ஓட்டுபவருக்கு பைலட் சான்றிதழ் வேண்டும், டிரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வேண்டும். இதெல்லாம் அவரிடம் இருந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் அவர்மீதும் நடவடிக்கை வரட்டும். அவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக இவனை விடச் சொல்ல முடியாது.

மேலவீதி:
கோயிலில் டிரோன் விடக்கூடாது என்று மைக்கில் சொல்லியிருப்பார்களே?

பொன்னிக்கரை:
காலையில் சொன்னார்களாம். இவன் பத்து மணிக்குத்தான் போனான்.

ரோட்டர் ராஜா:
இதுதான் எனக்குக் கடுப்பு. ஓர் இடத்தைத் தற்காலிகமாகச் சிவப்பு மண்டலம், அதாவது டிரோன் பறக்கத் தடையுள்ள பகுதி, என்று அறிவிக்க எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. ஆனால் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசாங்க டிரோன் இணையதளம் வழியாக அறிவிக்க வேண்டும். பறக்கவிடுபவன் வரைபடத்தைப் பார்த்தால் சிவப்பு தெரிய வேண்டும். நாதஸ்வரத்துக்கு நடுவே மைக்கில் கத்துவதெல்லாம் அறிவிப்பா? இப்படித்தான் இங்கிலாந்தில் 2018 டிசம்பரில் கேட்விக் விமான நிலையத்தில் டிரோன் தெரிந்தது என்று ஏறக்குறைய ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. பதற்றத்தில் ஒரு தம்பதியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர்களுக்கும் டிரோனுக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் சசெக்ஸ் போலீஸ் இரண்டு லட்சம் பவுண்டு கொடுத்து சமரசம் செய்தது.

எல்.ஏ. முருகு:
கேட்விக் தெரியும். நான் இருக்கும் ஊர்க் கதையையும் கேளுங்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊரான சாண்டா மோனிகாவில் ஒருவர் கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று, தீயைப் பார்க்கலாம் என்று டிரோனை விட்டார். இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போனதும் அது அவர் கண்ணிலேயே படவில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த தீயணைப்பு விமானத்தின் இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. பழுது பார்க்க மட்டும் 65,000 டாலருக்கு மேல். விமானம் தரையில் நின்றது, கீழே வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையைக் கட்டவும் 150 மணி நேரம் சமூக சேவை செய்யவும் சம்மதித்தார். அவரும் பொழுதுபோக்குக்குத்தான் விட்டார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது.

ரோட்டர் ராஜா:
அது தீ எரியும் இடம், வானத்தில் விமானம் பறக்கத் தடை இருந்த இடம். ஊர்க் கோயிலோடு சேர்க்காதீர்கள்.

எல்.ஏ. முருகு:
கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் விட்டால் எங்கேயும் அதேதான். நம் ஊரில் கும்பாபிஷேகத்தன்று ஹெலிகாப்டரில் பூத் தூவுவார்களே, அது வந்திருந்தால்?

மேலவீதி:
ஹெலிகாப்டர் எல்லாம் வேண்டாம். கீழே ஐயாயிரம் தலை இருந்தது, அது போதும்.

ரோட்டர் ராஜா:
பொன்னிக்கரை ஐயா, உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், ஒன்று கேட்கிறேன். முதல் பதிவில் "பேட்டரி தீர்ந்து தானாகவே கீழே இறங்க ஆரம்பித்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரி டிரோனில் முதல் எச்சரிக்கை வரும்போது, "கிளம்பிய இடத்துக்குத் திரும்பட்டுமா" என்று திரையில் கேட்கும். சும்மா விட்டால் சில விநாடியில் தானே திரும்பிவிடும். நாம் ரத்து செய்தால்தான் அங்கேயே நிற்கும். அதற்கப்புறம் பேட்டரி அடிமட்டத்துக்குப் போனால்தான், இருக்கும் இடத்திலேயே நேராகக் கீழே இறங்கும். தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள், ரத்து செய்தானா?

பொன்னிக்கரை:
கேட்டேன். கலசத்தில் நீர் ஊற்றும்வரை வீடியோ எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை ரத்து செய்தானாம்.

ரோட்டர் ராஜா:
போச்சு. அது அத்தனையும் பறந்த பதிவில் இருக்கும் ஐயா. எந்த விநாடியில் எச்சரிக்கை வந்தது, எப்போது ரத்து ஆனது, எவ்வளவு உயரம், எல்லாமே. நான் விதியைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் கூட்டத்துக்கு மேலே இரண்டு தடவை ரத்து செய்தவனுக்காக நான் வாதாட மாட்டேன்.

மேலவீதி:
இப்போதாவது புரிந்ததே.

ரோட்டர் ராஜா:
உங்களுக்குப் புரியவில்லை சார். நீங்கள் டிரோனே வேண்டாம் என்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

கருப்புக் கோட்டு:
ஐயா, அந்தப் பதிவையோ மெமரி கார்டையோ யாரும் தொட வேண்டாம். கைபேசியில் ஆப் இருந்தால் அதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். இப்போது இருப்பது சமரசமாகப் போகக்கூடிய வழக்கு. சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றம், அதற்கு அந்த அம்மாவின் மன்னிப்பு உதவாது. சமரசம் ஆனதும் டிரோனைத் திரும்பக் கேட்டு கோர்ட்டில் மனு போடலாம். அதற்கு வாங்கிய பில் வேண்டும். 2022 பிப்ரவரிக்கு அப்புறம் வெளிநாட்டு டிரோனை முழுசாக இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. துபாயிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது என்றால், மனு போடுவதற்கு முன்னால் என்னிடம் தனியாகப் பேசுங்கள்.

பொன்னிக்கரை:
தனிச் செய்தி அனுப்புகிறேன் சார்.