சிங்கப்பூர் வந்து மூன்றாம் வாரம், ஊரில் சர்வர் படுத்துவிட்டது

ஆத்தங்குடிக்காரன்: அப்பச்சியின் டைல்ஸ் பட்டறையில் உள்ள சர்வரை இத்தனை நாளும் நான்தான் பார்த்துவந்தேன். இன்று காலையிலிருந்து அங்குள்ள நான்கு கணினிகளிலும் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை என்று கணக்கு எழுதும் அண்ணன் பதறிப்போய் அழைத்தார். மாலைக்குள் பில் போட்டாக வேண்டும். சேர்ந்து மூன்றே வாரமான வேலையில் விடுப்பும் கேட்க முடியாது. என்ன செய்வது?

கோட்டையூரான்: எந்த விண்டோஸ் என்று சொல்லவில்லையே, தம்பி. 2008 ஆர்2 என்றால் மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவே (பாதுகாப்புத் திருத்தங்கள்) 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். நான் வந்த புதிதில் ஆறு பேர் தங்கிய அறையில், பாயில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விடியும்வரை ஊர்ச் சர்வரோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

புதுவயலான்: மாலைக்குள் புதுச் சர்வர் எங்கிருந்து வரும்? கணினிகளை டொமைனிலிருந்து (எல்லாருடைய நுழைவையும் சர்வரே சரிபார்க்கும் கூட்டமைப்பு) நீக்கி மீண்டும் சேருங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது.

கோட்டையூரான்: கடல் தாண்டி வந்தாலும் மாமா வீட்டுப் பிரிண்டர்வரை நம் தலையில்தான் விடிகிறது.

ஆத்தங்குடிக்காரன்: 2008 ஆர்2தான், ஒரே சர்வர். நேற்றிரவு மின்சாரம் போனதையும், யு.பி.எஸ். பேட்டரி முன்பே செத்துவிட்டதையும் சொல்ல மறந்தேன். சர்வரில் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறதாம்.

கானாடுகாத்தான்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். டொமைனில் உள்ளே நுழைபவரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, சர்வருக்கும் கணினிக்கும் இடையே இயல்பாக 5 நிமிட நேர வேறுபாட்டைத்தான் பொறுக்கும். உங்கள் சர்வரோ பல ஆண்டுகள் பின்தங்கி நிற்கிறது. டொமைனிலிருந்து எதையும் நீக்காதீர்கள். லோக்கல் நிர்வாகியின் (அந்தக் கணினிக்குள் மட்டும் உள்ள கணக்கு) கடவுச்சொல் தெரியாவிட்டால் அந்தக் கணினியும் பூட்டிக்கொள்ளும். சர்வரை முறையாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் காசு போல இருக்கும் பேட்டரியை (பெரும்பாலும் சிஆர் 2032) மாற்றச் சொல்லுங்கள். பிறகு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) தேதியையும் நேரத்தையும் திருத்தி, சர்வர் முழுவதும் எழுந்தபின் மற்ற கணினிகளை மறுபடி தொடங்கினால் போதும். சிங்கப்பூரிலிருந்தே பார்க்கலாம் என்று ரவுட்டரில் 3389 போர்ட்டைத் (தொலைவிலிருந்து விண்டோஸ் திரையை இயக்கும் வழி) திறந்துவிடாதீர்கள். இவ்வளவு பழைய சர்வருக்கு அது வாசற்கதவைத் திறந்துபோட்டு உறங்குவதாகும், வி.பி.என். (இணையத்தின் ஊடே போடும் பாதுகாப்பான தனிவழி) வழியாக மட்டும் வாருங்கள். இன்னொன்று, அண்ணனுக்குத் தொலைபேசியில் நேரம் சொல்லும்போது உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். சிங்கப்பூர் நேரம் நம் ஊர் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது.