மறு: தம்பி குடும்ப நிதி – அந்த 25 முருகன் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

சுவாமிமலையில் சிலை வார்த்த நம் தம்பி இறந்து, அவன் குடும்பத்துக்கு நிதி திரட்டும் பேச்சு எடுத்ததும் சிங்கப்பூர் மாமா மூன்று மடல் போட்டுவிட்டார்: எவ்வளவு, எதற்கு, ரசீது யார் தருவது. நியூஜெர்சி அண்ணனோ "சுவாமிமலைக்காரன் கையேந்தினான் என்று பேர் வரக்கூடாது" என்கிறார். போன வாரம் ஊரில் இருந்தவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன், அப்புறம் சண்டை போடுங்கள்.

பட்டறை பூட்டிக் கிடக்கிறது. பின்கட்டில் ஒரு அண்டாத் தண்ணீர். உள்ளே அவன் பாதியில் விட்டுப்போன மெழுகு நடராஜர். தூக்கிய கால் வந்துவிட்டது, விரல்கள் இன்னும் பிரியவில்லை, சுற்றி வரும் சுடர் வளையம், திருவாசி, இல்லை. இந்த வெயிலில் மெழுகு தொய்ந்துவிடும் என்று அவன் மனைவி, நம்ம தங்கச்சி, தினமும் மூன்று தடவை தண்ணீர் மாற்றுகிறது. "முன்பணம் வாங்கியாச்சுண்ணா, யாராவது முடிச்சுத் தருவாங்களா?" என்று கேட்டது. தனக்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 36 வயசு அவனுக்கு. என்ன சொல்ல.

ஓட்டுச் சந்தில் ஏழு தென்னோலை நறுக்கு செருகியிருக்கிறது. சிலைக்கு அளவெடுக்க ஓலையை வெட்டித் தாளத்துக்கு (முக நீளம்தான் ஒரு தாளம்) மடிப்பார்கள் இல்லையா, அதுபோல மகளுக்குப் பிறந்தநாள் தவறாமல் ஒன்று. முதல் நறுக்கு காய்ந்து சுருண்டு ஒரு முழம்கூட இல்லை. "இன்னும் பிள்ளையார் கணக்குதாண்ணா, பஞ்ச தாளம்" என்று அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிப்பான். அடுத்த பிறந்தநாள் ஆனியில்.

பெருமை பேசும் அண்ணனுக்கு ஒன்று. 2023இல் நம்ம ஊரில் வார்த்த 27 அடி நடராஜர் டெல்லிக்குப் போனபோது இங்கே ஆளாளுக்குப் படம் போட்டோம். அவனையும் வாழ்த்தினேன். "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லண்ணா, லாரி பார்க்க நின்னவன் நான்" என்றான். அதுதான் அவன்.

இப்போது மாமா, உங்கள் கணக்குக்கே வருகிறேன். சங்க விழாவுக்கு 25 சின்ன முருகன் செய்யச் சொன்னோம். மொத்தமாக எடுத்தால் விலை குறையாதா என்று கேட்டோம். நானும்தான் கேட்டேன், நம்ம ஊரில் பிறந்துவிட்டு! ஒரு சிலைக்கு ஒரு மெழுகு, ஒரு மண்கூடு. மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் ஊற்றிய உலோகம் ஆறியதும் கூட்டை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். இருபத்தைந்து என்றால் இருபத்தைந்து தடவை. காவேரி வண்டலை அவன் அத்தனை தடவையும் அரைத்துப் பூசினான். விலையும் குறைத்தான். மீதிக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று உங்கள் பேரேட்டைக் கொஞ்சம் பாருங்கள். அதன் பிறகு நிதி, நன்கொடை என்று பேசலாம்.

என் அப்பா காரியத்துக்கு நான் விமானம் கிடைக்காமல் தவித்தபோது யார் முன்னால் நின்றான் என்பது வடக்கு வீதிக்குத் தெரியும்.

– தோகாவிலிருந்து

*

தோகா தம்பிக்கு,

பேரேடு பார்த்தேன். எட்டுச் சிலைக்குக் கூலி நிற்கிறது. பக்கத்தில் "கேட்டால் கொடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்துதான்.

நாளைக் காலை தங்கச்சி கணக்கில் போட்டுவிடுகிறேன். இது நிதியில் சேராது. அந்த நடராஜரை முடிக்க நல்ல கையாகப் பார். திருவாசிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தனியாக எழுது, அது என் செலவு. முடித்துத் தருபவரிடம் ரசீது மட்டும் வாங்கிவிடு.

– மாமா