செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் மட்டும் இல்லை: உங்களுக்கு என்ன நடந்தது?

நெடுஞ்சாலை:
என் கார் சூடேறினால் நின்றுவிடும், ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். தெரிந்த கதைதானே. பிளக்கில் ஸ்பார்க் இல்லை. காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்), பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியாக வந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "செல்ஃப் அடிங்க சார்... ஆர்பிஎம் முள்ளைப் பாத்தீங்களா, அசையவே இல்ல" என்றார். இஞ்சின் சுற்றுவதை இசியூவுக்கு (இஞ்சின் கம்ப்யூட்டர்) சொல்லும் கிராங்க் சென்சார்மேல், அது ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றி அடித்தோம், உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் ஸ்கேனரில் ஒரு எரர் கோடும் (code) இல்லையே! அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய பாயிண்ட்:
முள்ளை நம்பாதீர்கள். சில வண்டிகளில் எல்லாம் சரியாக இருந்தாலும் செல்ஃப் அடிக்கும்போது அது அசையாது. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பாருங்கள். என்னுடையது டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி: ஒரே காயிலின் பொறியை, கேப்புக்குள் சுற்றும் ரோட்டர் ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும். காயில் வயரில் பளிச்சென்று பொறி, பிளக்குக்கு எதுவும் போகவில்லை. ரோட்டர் புதிது மாதிரிதான் இருந்தது. இருட்டில் கேப்பைக் கழற்றி, காயில் வயரை ரோட்டருக்கு மேலே பிடித்து அடிக்கச் சொன்னேன். நீலப் பொறி ரோட்டரைத் துளைத்து நேராக ஷாஃப்ட்டில் இறங்கியது!

டெஸ்ட் லேம்ப்:
வயரைப் பிடித்தீர்களா, கையாலா? 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும் இடம் ஐயா அது. இன்றைய காயில்களில் இந்த வேலையே வேண்டாம். வயரைத் தொங்கவிட்டு அடித்தால் காயிலோ, அதை ஆன்-ஆஃப் செய்யும் மாட்யூலோ போய்விடலாம். ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கீயை ஆன் செய்து காயில் பாசிட்டிவில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். அப்புறம் டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையைக் காயில் நெகட்டிவில் வைத்து செல்ஃப் அடியுங்கள். மின்னினால் கோளாறு காயிலிலோ அதற்கு அப்புறமோ. மின்னாவிட்டால் சென்சார், மாட்யூல், வயரிங் பக்கம் போங்கள். உள்ளேயே இக்னைட்டர் (அந்த ஆன்-ஆஃப் மாட்யூல்தான்) உள்ள காயிலில் மட்டும் சிக்னல் வயரில் பல்பு லேம்ப் வைக்காதீர்கள், இசியூ தாங்காது.

என் கதை சின்னது. கீ ஆனில் 12 வோல்ட் இருந்தது, ஸ்டார்ட்டுக்குத் திருப்பினதும் காணாமல் போனது. கீ சுவிட்ச் தேய்ந்திருந்தது.

பழைய பாயிண்ட்:
இன்சுலேட்டட் பிளையரில்தான் பிடித்தேன் ஐயா.

நெடுஞ்சாலை:
சரி, கோடு ஏன் வரவில்லை? அதை யாருமே சொல்லவில்லையே.

டெஸ்ட் லேம்ப்:
கிராங்க் சிக்னல் வராவிட்டால் இஞ்சின் சுற்றவே இல்லை என்றுதான் இசியூ நினைத்துக்கொள்ளும். பல வண்டிகளில் கேம் (வால்வுகளை இயக்கும் ஷாஃப்ட்) சென்சார் சிக்னல் வந்து கிராங்க் வராதபோதுதான் பி0335 என்ற கிராங்க் சென்சார் கோடு பதிவாகும்.